ஏனுங்க

“சாயா வாங்கீட்டு வாறேன், அதுக்குள்ள எல்லாம் ஏறீரும்” என்று சொல்லிவிட்டுத் தாணுமாலயன் படியிறங்கிப் போய்விட்டார். மரகதம் அவர் போன பக்கம் திரும்பவில்லை. திரையில் நூல் சோதனை புரோகிராமின் ஃபைல்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பஞ்சு நூல் முடிந்து விஸ்கோஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் பாலியஸ்டர், அதற்கப்புறம் கலப்பு நூல்கள், பழைய சோதனைக் கணக்கையெல்லாம் படித்துப் படித்து ஏறுவதால் ஆமை வேகம்தான். அந்த ஆமை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எல்லாம் ஏறிவிடும், சாயா வந்துவிடும், சாயாவோடு அவரும் வந்துவிடுவார், வந்தால் முகத்தைப் பார்த்தாக வேண்டும், பார்த்தால் சொல்லியாக வேண்டும். அவருடைய கான்ட்ராக்ட் இன்றோடு முடிகிறது, சாயங்காலம் நாகர்கோவில் ரயில். போன வாரம் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, ஏதோ கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்: “மேடம், நான் ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நாம ரெண்டுபேரும் சேந்து இருந்தா என்ன? கல்யாணம் பண்ணீட்டுதான் சொல்லுகேன்.” அவர் மனைவி பிரிந்து போய்ப் பல வருஷமாகிறது. இவள் கணவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். கேட்டதில் குற்றமில்லை. யோசிச்சுச் சொல்றேனுங்க சார் என்று சொன்னவள், யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, காலையும் மாலையும் குட்மார்னிங் பைபை என்று ஒரு வாரத்தைக் கடத்திவிட்டாள். இது போதாதென்று இன்றைக்குக் காலையில் அந்த வார்த்தை வேறு வாயிலிருந்து விழுந்து தொலைந்தது. ஏனுங்க. விழுந்ததோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த மனிதர் அதற்குப் பதிலும் சொல்லிவிட்டார்.

அத்தனைக்கும் காரணம் அவளுடைய அவசர புத்திதான். ஒரே ஒரு வரியைத் திருத்தினோமா, அந்த ஒரு வரியை மட்டும் ஓட்டினோமா என்று இருந்திருக்க வேண்டும். மொத்த ஃபைலையும் தலையிலிருந்து ஓட்டிவிட்டாள். தலையில் இருந்தது செட்ஜெனரிக். ‘பார்’ என்று ஒரு ஜெனரிக் இருக்கிறது, அறிவித்துக்கொள்கிறேன் என்று ஆர் என்கிற கணினி மொழியிடம் சொல்கிற வரி. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சோதனைக் கூடத்தில் இரண்டு பேரும் இந்த வேலையைத் தொடங்கியபோது முதன்முதலில் எழுதிய வரி அதுதான். பெயர் தமிழிலேயே இருக்கட்டும் என்றது அவள், பார் என்று வைக்கலாம் என்றது அவர், அவினாசி ரோட்டில் பார் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா என்று அவள் கேட்டு, இரண்டு பேரும் சிரித்து, அதையே வைத்தார்கள். ஜெனரிக்குக்குச் சொந்தமாக ஒரு வேலையும் தெரியாது. வெறும் பெயர். நூலைக் கொண்டுவந்து நீட்டினால் இது என்ன ஜாதி நூல் என்று மட்டும் பார்க்கும், அந்த ஜாதிக்கு எழுதிவைத்த மெத்தட் என்கிற செய்முறையிடம் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துகொள்ளும். எல்லா நூலையும் ஒரே மாதிரி பார்க்க முடியாதே. நனைந்தால் பஞ்சு நூலுக்குப் பலம் கூடும், விஸ்கோஸுக்குப் பாதி பலம் போய்விடும், பாலியஸ்டருக்கு நனைந்ததே தெரியாது. அதனால் ஆளுக்கொரு மெத்தட். பஞ்சு அவள் எழுதியது, விஸ்கோஸ் அவர் எழுதியது, கலப்பு நூல் இரண்டு பேரும் சண்டை போட்டு எழுதியது. எந்த ஜாதியிலும் சேராத ஒன்று வந்துவிட்டால் ‘யாருங்க நீங்க?’ என்று கேட்கும்படி ஒரு மெத்தடை அவர் விளையாட்டாக எழுதி வைத்திருந்தார், மேனேஜர் முன்னால் ஒருநாள் அது கேட்டுவிட்டது, இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எத்தனை நல்ல நாட்கள் அவை. மழைபெய்கிற மத்தியானங்களில் கரண்ட் போய், யூபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்த, சேவ் பண்ணுங்கோ சேவ் பண்ணுங்கோ என்று அவர் பதற, இவள் நிதானமாகச் சேவ் பண்ணிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறப்பாள். அந்த வரியை இரண்டாம் முறை ஓட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மறந்துவிட்டாள். ஏற்கெனவே ஒரு பார் இருக்கிறதே, அதனிடம் இத்தனை மெத்தட் சேர்ந்திருக்கிறதே என்றெல்லாம் ஆர் யோசிக்காது. சரி, புதுசாக ஒரு பார் என்று போட்டுவிடும், பழைய பாரிடம் இருந்ததெல்லாம் போய்விடும். பஞ்சு நூலை நீட்டினாள், இந்த நூலுக்குப் பரம்பரை வழியில்கூட ஒரு மெத்தடும் கிடைக்கவில்லை என்றது. இருக்கிற மெத்தடையெல்லாம் காட்டு என்றாள், ஒன்றும் இல்லை என்றது. நாலு வருஷம். திரும்பினாள், நீலச் சட்டையின் முதுகு தெரிந்தது, “ஏனுங்க, இங்க வாங்க, எல்லாம் போச்சு!” என்று கத்திவிட்டாள்.

“ம், சொல்லு” என்றார் அவர். சொல்லுங்கோ மேடம் இல்லை. சொல்லு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வரும்போதே, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வருகிற குரலில், ம், சொல்லு. வந்து குனிந்து பார்த்தார், எழுதினது எல்லாம் ஃபைல்ல பத்திரமா இருக்கு, இவன் மறந்திருக்கான் அவ்வளவுதான், திரும்ப ஏத்தினா வந்துரும் என்றார். அறிவிப்பு வரிக்கு முன்னால், பார் என்கிற ஜெனரிக் ஏற்கெனவே இருந்தால் இதை ஓட்டாதே என்று ஒரு நிபந்தனையைத் தட்டினார். அப்போதும் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. அவருடைய காது சிவந்திருந்ததோ, இல்லை ஜன்னல் வெயிலோ. கோயமுத்தூரில் ஏனுங்க என்பது ஊர்ப் பொது. பஸ்ஸில் ஏனுங்க கொஞ்சம் நகருங்க, கடையில் ஏனுங்க தக்காளி எப்படி, போஸ்ட்மேனுக்கும் ஏனுங்க, வழி கேட்கிறவனுக்கும் ஏனுங்க. ஆனால் அதே வார்த்தையை ஒரு பொம்பளை வீட்டுக்குள் இருந்து வாசலைப் பார்த்துச் சொன்னால் அது ஊர்ப் பொது இல்லை. எழுத்து ஒன்றுதான், இழுப்பு ஒன்றுதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கேட்கிறவனுக்குத் தெரியும். அவள் கணவர் குழந்தைவேலுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் கூட்டத்துக்குள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல், மாமா என்று கூப்பிடவும் வெட்கமாக இருந்து, அடுப்படியிலிருந்து ஏனுங்க என்று மெல்லச் சொல்லுவாள். கூடத்தில் ஏழெட்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோருக்கும் பொருந்துகிற வார்த்தை, எழுந்து வருவது அவர் ஒருத்தர்தான். “என்ன புள்ள?” என்று கதவுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

ஒரே வார்த்தைக்கு அந்த மனிதர் எத்தனை பதில் வைத்திருந்தார். மில்லில் எலக்ட்ரீசியன், வீட்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு ஃபேனைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்புகிறபோது கீழிருந்து ஏனுங்க என்றால் “தெரியுதா? இப்பத் தெரியுதா?” என்பார், அவள் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். துணிக்கடையில் ஏனுங்க என்றால் பதிலே சொல்லாமல் பர்ஸை எடுப்பார். சிங்காநல்லூர் பஸ்ஸில் பெண்கள் பக்கமிருந்து ஏனுங்க என்றால் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் உயரும், நான் இருக்கேன் இறங்கிக்கோ என்று அர்த்தம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் அதே ஏனுங்க, அவர் “வண்டியெடுக்கறேன்” என்றார், அவள் இன்னும் காய்ச்சல் என்று சொல்லவேயில்லை. கோபமாக இருந்தால் “என்னங்கறே?” ரொம்பக் கோபமாக இருந்தால் “சொல்லுங்க மேடம்.” நல்ல மனநிலையில் “சொல்லு அம்மிணி.” இதையெல்லாம் யார் அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. கூப்பிடக் கூப்பிடச் சேர்ந்தது. தாணுமாலயன் வந்த முதல் நாள் இந்த வார்த்தையை வைத்து ஒரு கூத்து நடந்தது என்று கேன்டீன்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார். அவள் இல்லை, அந்தக் கேன்டீன்காரர்தான் ஏனுங்க என்று கூப்பிட்டார். நாகர்கோவில் மனிதருக்கு அது ஏன் என்று காதில் விழுந்திருக்கிறது. தட்டோடு நின்று, “ஒண்ணுமில்ல, கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கிடாது, அதான் வைக்கல்ல” என்று காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் பாட்டுக்கு விளக்க, கேன்டீன்காரர் சாம்பார்க் கரண்டியோடு முழிக்க, மரகதம் புரையேறிச் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுவாக இருக்க வேண்டும். அவர் என்றால் குழந்தைவேல். அவர் என்றால் யார் என்று இப்போதெல்லாம் தனக்குத்தானே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

விஸ்கோஸ் முடிந்து பாலியஸ்டர் ஏறத் தொடங்கியிருந்தது. பாலியஸ்டருக்கு நிறையக் கணக்கு, நேரமெடுக்கும். நேரமெடுக்கட்டும். கீழே கேட் பக்கம் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், பின்னால யாருமில்ல வரலாம் வரலாம் என்று வாட்ச்மேன். நினைக்கக் கூடாது என்று எதை ஒதுக்குகிறாளோ அது ஓரமாகவே நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை வேளை. தோசைக்கல். “ஏனுங்க, ஆறுது” என்றாள். பதில் இல்லை. பேப்பர் படித்தால் அப்படித்தான். “ஏனுங்க.” இரண்டாவது தோசையைத் திருப்பிப் போட்டாள். “ஏனுங்க, காது கேக்கலையா, பேப்பர்ல அப்படி என்னதான் போட்டிருக்கான்” என்று அதட்டலாகவே சொன்னாள். அதட்டலாக. கடைசியாகச் சொன்ன ஏனுங்க அதட்டலாகப் போய்விட்டது. கூடத்துக்கு வந்து பார்த்தபோது பேப்பர் மடியில் இருந்தது, கண்ணாடி மூக்கில் இருந்தது, அவர் இல்லை. டாக்டர் தூக்கம் மாதிரிப் போயிட்டாருங்கம்மா, வலி தெரிஞ்சிருக்காது என்றார். அவருக்குத் தெரியவில்லை, சரி. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் நின்றவளுக்கு? அதற்கப்புறம் அவள் அந்த வார்த்தையை எடுக்கவேயில்லை. கண்டக்டரை அண்ணா என்றாள், கடைக்காரரைத் தம்பி என்றாள், ஆபீசில் எல்லோரும் சார். வாக்கியத்துக்கு வால் மாதிரி வருகிற ங்க-வை விட முடியவில்லை, பிறந்த ஊர்ப் பழக்கம், ஆனால் கூப்பிடுவதற்கு அதை எடுக்கவில்லை. மானமாக, விரதமாக ஒன்றும் இல்லை. பயம். கூப்பிட்டு மறுபடியும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான், வேறென்ன. காலையில் பதில் வந்துவிட்டது. அதுவும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம் என்றால் இவளை என்னதான் செய்வது.

அவளை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். ஒரு முறை அறிவித்த பெயரை இரண்டாம் முறை அறிவித்தால் என்ன ஆகும் என்று இப்போதுதானே கண்ணால் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று காட்டியதே திரை. இந்த மனிதரை ஏனுங்க என்று கூப்பிட ஆரம்பித்து, இவரும் ம் சொல்லு ம் சொல்லு என்று பதில் சொல்ல ஆரம்பித்தால், பஸ்ஸில் உயர்ந்த அந்தக் கை என்ன ஆகும்? தெரியுதா இப்பத் தெரியுதா என்ற குரல்? ஆன்டெனாவே இப்போது யார் வீட்டிலும் இல்லை, அவள் ஒருத்தி தலைக்குள்தான் அது இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதையும் அழித்துவிட்டு உட்கார்ந்தால் அந்த மனிதர் இந்த உலகத்தில் எங்கேதான் இருப்பார். மகள் நிவேதா பெங்களூரிலிருந்து போனில், “அம்மா, உங்களுக்குப் பிடிச்சிருந்தாச் செய்ங்க, என்னைக் கேக்காதீங்க, அப்பாவையும் இழுக்காதீங்க” என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டாள். இழுக்காமல் எப்படி. மரகதம் யாரைக் கூப்பிட்டாள் காலையில்? அதைச் சொல்லட்டும் முதலில். பழக்கதோஷம், பதற்றத்தில் போனவரைக் கூப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அழகான பதில், எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், தாணுமாலயனும் ஒத்துக்கொள்வார். மரகதத்தால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நொடியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். எல்லாம் போச்சு என்று திரும்பினாள். நீலச் சட்டை. காலரில் நூல் பிரிந்திருந்தது, இதைத் தைக்கச் சொல்ல வேண்டும் என்று நேற்றே நினைத்த காலர். வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் குழந்தைவேல் இருந்தாரா? பேப்பர், கண்ணாடி, மொட்டைமாடி, பஸ், ஏதாவது இருந்ததா? தேடினாள். இல்லை. அப்புறம் வந்தார், இவர் பதில் சொன்ன பிறகு அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தது, அதற்கு முன்னால் இல்லை. வார்த்தை யாரையும் கேட்காமல் நேராக நீலச் சட்டைக்குப் போயிருக்கிறது. எட்டு வருஷம் பூட்டி வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள், அது தானே கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, துக்கத்தில் வரவில்லை, கையும் களவுமாகப் பிடிபட்டதில் வந்தது. அழுதுகொண்டே குழந்தைவேலை நினைத்துப் பார்த்தாள், பயந்து பயந்துதான் நினைத்தாள், போய்விட்டாரா என்று. பஸ் கூட்டத்துக்குள் கை உயர்ந்தது. மோதிரத்தோடு, மில் கிரீஸ் போகாத நகத்தோடு. மாடியிலிருந்து குரலும் வந்தது. ஒன்றும் போகவில்லை. கலப்பு நூல்கள் ஏறத் தொடங்கின.

படியில் செருப்புச் சத்தம். மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்ததில் பொட்டு கலைந்திருக்கும், இருக்கட்டும். தாணுமாலயன் இரண்டு பேப்பர் கப்பை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, சூடு தாங்காமல் வேகமாக வந்து மேஜையில் வைத்தார். திரையைப் பார்த்தார். “ஏறியாச்சா?” என்றார். “கடைசி ஃபைல் ஓடுதுங்க சார்” என்றாள். அவர் உட்காரவில்லை. கப்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு நின்றார். கீழே போய்வந்த நேரத்தில் அவரும் எதையோ மனதில் போட்டு உழப்பியிருக்கிறார் என்று தெரிந்தது.

“மேடம், ஒரு காரியம் சொல்லணும்” என்றார். “காலைல நீங்க கூப்பிட்டேள்லா. அது என்னையக் கூப்பிட்டது இல்லன்னு எனக்குத் தெரியும். பதறிப்போயி, பழைய ஞாபகத்துல, அவுங்களக் கூப்பிட்டது. நான் முந்திக்கிட்டு அவுங்க சொல்ல வேண்டிய பதிலச் சொல்லிட்டேன். தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்கோ. போன வாரம் கேட்டதுக்கும் நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. நான் சாயங்காலம் கிளம்பீருவேன்.”

அழகான பதில் கையில் தயாராக வந்து உட்கார்ந்துவிட்டது. ஆமாங்க சார் என்றால் போதும். அவர் சாயாவைக் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, ரயிலேறிவிடுவார், யாருக்கும் யார் மேலும் வருத்தம் இருக்காது. மரகதம் நாற்காலியைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றாள். “உங்களத்தான் கூப்பிட்டேன்.”